கூட இருந்தவளுக்குத் தெரியாதா?

போனை எடுத்துப் பேசு கண்ணு. கட் பண்ணாதே. சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து திரும்பத் திரும்ப அடிக்குது. அம்மா பாவம், பஸ் ஏறிட்டயான்னு கேக்கத்தான் கூப்பிடுவாங்க. கோவத்தை அப்பறமா வெச்சுக்கலாம்.

அம்மா இல்லையா? ஏதோ கம்பெனி விளம்பரமா?

பாரு, உன்ற மூஞ்சியைப் பாத்துட்டு நானாவே முடிவு பண்ணீட்டேன். அம்மாகூடச் சண்டை போட்டுட்டு வந்திருக்கற பொண்ணுன்னு. இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவே மாட்டேங்குது. தப்பா எடுத்துக்காதே.

பல்லடத்துலயா எறங்கறே? நான் தாராபுரம். ஞாயித்துக்கெழமையானா காத்தால கோயமுத்தூர் வந்துட்டு, பொழுதோட திரும்பிருவேன். எங்கூட்டுக்காரரு என்ற மகள் ஊட்டுல இருக்காரு. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. பாத்துட்டு வாறேன்.

ஏன் அவரு அங்க, நீங்க தனியா ஊர்லன்னு மனசுல கேக்கறேதானே? கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்றேன். யாருகிட்டயாவது சொல்லணும். தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா நாளைக்கு அது வேற மாதிரி ஆகி எனக்கே திரும்பி வரும். நீ பல்லடத்துல எறங்கிப் போயிருவே.

அவரு பேரு கிட்டுசாமி. முன்னெல்லாம் நான் பேரு சொன்னதில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்குனதுல வாய் பழகிப்போச்சு. தாராபுரத்துல மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருந்தாரு. கெணத்து மோட்டார் எது சுட்டுப்போனாலும் சுத்துப்பட்டுல அவருகிட்டத்தான் கொண்டாருவாங்க. ஆனா பேச்சு கம்மி கண்ணு. கம்மின்னா ரொம்பக் கம்மி. கலியாணம் ஆன புதுசுல எனக்கு அது பெரிய கஷ்டம். கொழம்பு நல்லாருக்குங்களான்னு கேட்டா தட்டைப் பாப்பாரு. இந்தச் சேலை எடுக்கட்டுங்களான்னா சேலையைப் பாப்பாரு. அதுக்கு மேல ஒண்ணும் வராது.

அப்பறம் நானே கண்டுபுடிச்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவை கொழம்பு ஊத்தச் சொன்னா நல்லாருக்கு. சட்டுன்னு தண்ணியைக் குடிச்சுட்டு எந்திரிச்சா உப்பு ஜாஸ்தி. இப்படியே ஒண்ணொண்ணா. கொஞ்ச வருசத்துல அவரு வாயைத் தெறக்கறதுக்குள்ள நான் சொல்லீருவேன். சொந்தம், ஒறம்பரைன்னு யாராவது வந்தா அவரைக் கேக்கவே மாட்டாங்க, என்னைத்தான் கேப்பாங்க. மாமா என்னங்கத்தை சொல்றாரு? மாமாவுக்கு இதுல இஷ்டமில்லை. மாமாவுக்கு அந்த எடம் புடிச்சிருக்கு. எல்லாம் நான்தான் சொல்லுவேன். அவரு பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு. ஆமான்னும் சொல்ல மாட்டாரு, இல்லைன்னும் சொல்ல மாட்டாரு. மறுத்துச் சொல்லலைன்னா சரின்னுதானே அர்த்தம்? முப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துனவ. கூட இருந்தவளுக்குத் தெரியாதா?

ஒரே மகதான் எங்களுக்கு. மைதிலி. அவளுக்கு எடம் பாத்தது நான். என்ற அண்ணன் சம்சாரத்து வழிச் சொந்தம், ஈரோட்டுப் பையன். நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. கலியாணத்துக்கு வந்தவங்க எல்லாம் என்னைத்தான் சொன்னாங்க, ருக்குமணி தேடிப் புடிச்சுட்டா அப்படீன்னு. ரெண்டு வருசம்கூட ஆகலை. ஒருநா காத்தால ஒரு பெட்டியோட வந்து நிக்கறா. இனி அங்க போக மாட்டேங்கறா.

அடிச்சானா? இல்லை. குடிக்கறானா? இல்லை. வேற பொம்பளை ஏதாவது? அதுவும் இல்லை.

"பின்ன என்னடி?"

"பேச மாட்டேங்கறாரும்மா. காலைல இருந்து பொழுதுக்கும் ஒரு வார்த்தை இல்லை. நான் ஒருத்தி அந்த ஊட்டுல இருக்கறேன்னே அவருக்குத் தெரியலை."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு கண்ணு. நெசமாத்தான் சொல்றேன், சிரிச்சுப்போட்டேன். பேசலைன்னு ஒருத்தி புருசன் ஊட்டை உட்டுட்டு வருவாளா? "உங்கப்பா என்ன வாய் நெறையாவா பேசுனாரு? நான் பெட்டியத் தூக்கிட்டுப் போனனா?" அப்படீன்னு கேட்டேன். அவரு அப்ப வாசல்ல செருப்புப் போட்டுக்கிட்டு இருந்தாரு. திரும்பிப் பாத்தாரு. என்னைப் பாத்தாரா அவளைப் பாத்தாரான்னு தெரியலை. அப்படியே நின்னுட்டு, பட்டறைக்குப் போயிட்டாரு.

மகள் மேல அவ்வளவு கோவம் அவருக்கு.

எனக்குக் கோவமில்லை. நான் பெத்தவ. பெத்தவளுக்கு எத்தனை நாளைக்குக் கோவம் நிக்கும்? என்ற அண்ணன் போன் பண்ணி, உன்ற மகளால எங்கூட்டுல எனக்குத் தலை எடுக்க முடியலைன்னான். கோயில் நோம்பிக்கு வராதேன்னு நேராச் சொல்லாம, இந்த வருசம் நாங்க சின்னதாத்தான் கும்பிடறோம்னான். அந்தச் சங்கடமெல்லாம் இருந்துச்சு. அது வேற விசயம். கோவம்னா அவருக்குத்தான். அதுனாலதான் நான் மைதிலிகிட்டச் சொன்னேன், "அப்பா மனசு ஆறற வரைக்கும் கண்ணுல படாம இருந்துக்க சாமி. அவரு உன்ற மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கறாரு."

"அப்பா அப்படிச் சொன்னாராம்மா?"

"சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

கோயமுத்தூருக்குப் போயிட்டா. ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை. மொதல்ல ஹாஸ்டல், அப்பறம் சின்னதா ஒரு ஊடு புடிச்சுக்கிட்டா. வாரத்துக்கு ஒருக்கா எனக்குப் போன் பண்ணுவா, ராத்திரி நாங்க சாப்பிடற நேரம் பாத்து. என்ற போன்ல அவ போட்டோ வந்தாலே அவரு சோத்தைப் பெசையறதை நிறுத்திருவாரு. கை அப்படியே தட்டுல நிக்கும். அவ்வளவு வெறுப்புன்னு நெனச்சுக்கிட்டு நான் போனை எடுத்துட்டுக் கொல்லப்பக்கம் போயிருவேன். பேசி முடிச்சுட்டு வந்தா, தட்டு அப்படியே இருக்கும். கை காஞ்சு போயிருக்கும்.

ஒருநா கேட்டாரு. "சாப்பிட்டாளாமா?"

கேட்டது அவ்வளவுதான். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? குத்திக் காட்டறாருன்னு. புருசன் ஊட்டுச் சோறு எறங்கலையே, இப்பத் தனியாப் பொங்கித் திங்கறாளான்னு கேக்கறாருன்னு. "அவ சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறைச்சலில்லை, உடுங்க" அப்படீன்னேன். அதுக்கப்பறம் அவரு கேக்கலை.

நீ ஏன் அப்படிப் பாக்கறே? சரி, சொல்றேன்.

போன வருசம் ஆடி மாசம். பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே தொட்டி ஓரமாச் சரிஞ்சுட்டாரு. வாய் ஒருபக்கமாக் கோணிப்போச்சு. ஆம்புலன்ஸ் வெச்சுக் கோயமுத்தூருக்கே கூட்டியாந்துட்டோம். உசுரு நின்னுச்சு. வலது கை, வலது கால் வரலை. பேச்சும் போயிருச்சு. கொஞ்சம் தெளிஞ்சு கண்ணு முழிச்சதும், அவரு வாயில இருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்துச்சு. 'போ.'

நர்ஸு ஊசி போட வந்தா 'போ.' டாக்டரு வந்தா 'போ.' நான் தண்ணி குடுத்தா 'போ, போ.' டாக்டரு சொன்னாரு, பேச்சு மெல்ல மெல்லத் திரும்பலாம், ஊட்டுக்குப் போயிப் பேச்சுப் பயிற்சி குடுக்கற ஆளைப் பாருங்கன்னு. எனக்கு அது காதுலயே ஏறலை. பேச்சு எதுக்கு? பேச்சு இருந்தப்பவே அவரு எங்க பேசுனாரு? எனக்குத்தான் அவரு நெனைக்கறது தெரியுமே.

ஆஸ்பத்திரியில இருந்தப்ப மைதிலிக்கு நான் சொல்லலை. அதே ஊர்லதான் அவ இருந்தா. நான் சொல்லலை. அவளைப் பாத்து அவருக்குப் பிரஷர் ஏறிருச்சுன்னா? அவரு நல்லதுக்குத்தான் சொல்லலை.

ஊட்டுக்கு வந்தப்பறம் நான் எல்லாத்தையும் கண்டுக்கிட்டேன். சன்னமா 'போ'ன்னா காப்பி. இழுத்து 'போஓ'ன்னா பேனு போடணும். வெடுக்குன்னு சொன்னா பாத்ரூம். பக்கத்து ஊட்டு ஜெகதாம்பா வந்து பாத்துட்டு, "அக்கா, உங்களுக்கு எப்படீங்க்கா இதெல்லாம் புரியுது?"ன்னு வாயைப் பொளந்தா. எனக்குப் பெருமைதான். பொய் சொல்லக் கூடாது, அந்தச் சீக்குலயும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை.

ஊட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழிச்சுத்தான் மைதிலிக்குச் சொன்னேன். போன்லயே ஓன்னு அழுதுட்டா. அடுத்த பஸ்ஸுல வந்துட்டா.

கட்டல்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. இவ வாசக்கால் நெலவுகிட்ட நின்னா. உள்ள வரட்டுமான்னு என்னைப் பாத்தா. அவரு இவளைப் பாத்ததும், உடம்பெல்லாம் ஒரு ஆட்டம் ஆடுச்சு. மூஞ்சி செவந்துபோச்சு. "போ... போ... போ..."

இத்தனை நாள்ல அத்தனை சத்தமா அவரு சொன்னதேயில்லை. வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

இவ பக்கத்துல போயி மண்டி போட்டு உக்காந்தா. "அப்பா, நான்தாம்ப்பா. மைதிலி." அவரு நல்லாருக்கற இடது கையால இவ துப்பட்டாவைப் புடிச்சு இழுத்தாரு. "போ, போ"ங்கறாரு, கண்ணுல தண்ணி. நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. எனக்குப் பயமாப்போச்சு. இன்னொரு தடவை வாதம் வந்தாத் தாங்காதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு.

இவ என்னைப் பாத்துக் கேட்டா. "அம்மா, அப்பா என்னம்மா சொல்றாரு?"

நான் சொன்னேன். "போகச் சொல்றாரு கண்ணு."

ஆமா. அதான் சொன்னேன். அவரு காப்பிக்கும் அதைத்தான் சொன்னாரு, பேனுக்கும் அதைத்தான் சொன்னாரு. அப்ப எல்லாம் அது போ இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு மட்டும் அது 'போ'தான்னு தோணிப்போச்சு. கொஞ்சம்கூடச் சந்தேகம் வரலை. வந்திருந்தா நான் சொல்லியிருப்பனா?

துப்பட்டாவை உட மாட்டேங்கறாரு. அவளைத் தள்ளி உடப் பாக்கறாரு, ஒரு கையில பலம் பத்தாமப் புடிச்சு இழுக்கறாருன்னு நான் நெனச்சேன். பக்கத்துல போயி அவரு விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு உட்டேன். அந்தப் புடி இருக்குதே. சீக்காளிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்துச்சுன்னு அப்பவே நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் பிரிச்சேன்.

மைதிலி எந்திரிச்சா. துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டா. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போன்னேன். குடிக்கலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரட்டுமான்னேன். வேண்டாம்னா. அவ தெரு திரும்பற வரைக்கும் உள்ளருந்து 'போ, போ'ன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி அவரு வாயைத் தெறக்கலை, கஞ்சியும் உள்ள போகலை. கோவம் எறங்கலைன்னு நெனச்சேன்.

அப்பறம் அவ வரலை. போன் பண்ணுவா, ரெண்டு வார்த்தை. அப்பா எப்படி இருக்காரு? இருக்காரு. சரி. அவ்வளவுதான்.

கைகாலுக்குப் பயிற்சி குடுக்க ஒரு தம்பி ஊட்டுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. அதுதான் விடாமச் சொல்லி, திருப்பூர்ல ஒரு பேச்சுப் பயிற்சிப் பொண்ணுகிட்டக் கூட்டிட்டுப் போக வெச்சுது. பர்வீன்னு பேரு. உன்ற வயசுதான் இருக்கும். வேண்டா வெறுப்பாத்தான் போனேன்.

மொத நாள். அவரு 'போ'ன்னாரு, சன்னமா. நான் சட்டுன்னு சொன்னேன், "காப்பி கேக்கறாருங்க."

அந்தப் பொண்ணு சிரிச்சுது. "இருங்கம்மா, அவரையே கேப்போம்"னுது. மேசை மேல ஒரு டம்ளர் காப்பி, ஒரு டம்ளர் தண்ணி, ஒரு துண்டு, அவரு கண்ணாடி, எல்லாத்தையும் வெச்சுது. "எது வேணுங்கய்யா? தொட்டுக் காட்டுங்க." நான், "காப்பி எடுங்க"ன்னு சொல்லப் போனேன். அந்தப் பொண்ணு என்ற கையை அமுக்கிப் புடிச்சுக்கிட்டுது. "பேசாதீங்கம்மா. கொஞ்ச நேரம் ஆகும். அவரு தேடறாரு. நாம பேசுனா அவரு தேடறதை உட்டுருவாரு."

கண்ணு, அந்தக் கொஞ்ச நேரம் இருக்குதே, என்னால இருக்க முடியலை. நெஞ்சுல இருந்து வார்த்தை வார்த்தையா முட்டிக்கிட்டு வருது. அவரு மெல்ல கையைத் தூக்குனாரு. கண்ணாடியைத் தொட்டாரு.

கண்ணாடி. வாதம் வந்த நாள்ல இருந்து அவருக்கு நான் கண்ணாடியே போட்டு உடலை. எதுக்கு, படிக்கவா போறாருன்னு பீரோவுல எடுத்து வெச்சிருந்தேன். அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டுதுன்னுதான் கொண்டாந்தேன். அத்தனை மாசமா அவரு அரைக்கண்ணுல எங்களை எல்லாம் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் காப்பி காப்பியாக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

"இது நெறைய ஊடுகள்ல நடக்கறதுதாம்மா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. "புதுசா வர்ற நர்ஸு கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. கூடவே இருக்கறவங்க கேக்க மாட்டாங்க. தெரியும்னு நெனச்சுக்குவாங்க." திட்டலை. வேற எதையோ சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்லுச்சு. "இப்போதைக்கு அவர்கிட்ட இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான். வான்னு சொல்ல நெனச்சாலும் அதுதான் வரும்."

வான்னு சொல்ல நெனச்சாலும்.

அவரைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். பஸ்ஸுல வந்தேன், ஊட்டுக்கு வந்தேன், ஒல வெச்சேன். என்னத்தைன்னு சொல்றது? மைதிலிக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். எடுத்து வெச்சேன். நாளைக்குப் பண்ணிக்கலாம்னு நெனச்சேன். அப்படி எத்தனை நாளைக்கு நெனச்சேன்னு கேக்காதே.

அடுத்த தடவைக்கு அந்தப் பொண்ணு குடும்பத்துப் போட்டோ எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லியிருந்துச்சு. பேரு சொல்லிப் பழக்கறதுக்கு. நான் அவரைப் பெத்த அம்மா போட்டோ, எங்க கலியாணப் போட்டோ, அவரு தம்பி குடும்பம், பட்டறைப் பசங்க எல்லாம் எடுத்துட்டுப் போனேன். மைதிலி போட்டோ எடுக்கலை. இருக்கறதெல்லாம் அந்த ஈரோட்டுக் கலியாணப் போட்டோ, அதைப் போயி எப்படின்னு... இல்லை. பள்ளிக்கூடத்துப் போட்டோ இருந்துச்சு. என்ற கையிலயே இருந்துச்சு. பீரோவுலயே வெச்சுட்டேன்.

மேசையில பரப்பி வெச்சுது அந்தப் பொண்ணு. அவரு கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்தாரு. இடது கையால ஒவ்வொண்ணா நகத்தி, அடியில பாத்தாரு. மறுக்கா மொதல்ல இருந்து பாத்தாரு. ஒரு போட்டோவைத் திருப்பிப் போட்டு அது பின்னாடி பாத்தாரு.

"ஏதோ தேடறாரு"ன்னுது பர்வீன். "யாரு போட்டோவாவது விட்டுப்போயிருக்குங்களாம்மா?"

"இல்லைங்க. எல்லாரும் இருக்கறாங்க"ன்னேன்.

அவரு என்னை நிமிந்து பாத்தாரு கண்ணு. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லலை. ஆனா அவரு காதுக்கு ஒண்ணும் ஆகலை. நான் சொன்னது அவருக்கு நல்லாக் கேட்டுச்சு.

மறு வாரம் பள்ளிக்கூடத்துப் போட்டோவை எடுத்துட்டுப் போனேன். ரெட்டைச் சடை, முன்பல்லு ஒண்ணு விழுந்திருக்கும். மேசையில வெச்சதும் அவரு வேற எதையும் பாக்கலை. அதை எடுத்தாரு. சட்டைப் பையில வெக்கப் பாத்தாரு. ஒரு கையால முடியலை. கீழ விழுந்துருச்சு. நான் குனிஞ்சு எடுத்து வெச்சு உட்டேன். வெச்சு உட்டதும் அந்தக் கையை, என்ற கையை, தள்ளி உட்டுட்டாரு.

அந்த வாரமே மைதிலி ஊட்டுக்குப் போனேன். மொதத் தடவையா. மாடி ஊடு, ரெண்டு ரூமு. சுத்தமா வெச்சிருந்தா. எல்லாத்தையும் சொன்னேன். கண்ணாடி, போட்டோ, அந்த ஒரு வார்த்தை, எல்லாம். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். அவ அழுகலை. கேட்டுக்கிட்டே இருந்தா.

"அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது அப்படி கண்ணு. தெரியாமச் சொல்லிப்போட்டேன்"னேன்.

"அன்னைக்கு அப்பா துப்பட்டாவை விடலைம்மா"ன்னா. "நீங்கதான் பிரிச்சு உட்டீங்க."

"அவருக்கு மூச்சு வாங்குச்சு..."

"அம்மா. அப்பாவுக்கு என்மேல கோவம்னு எப்பச் சொன்னாரு? வாதத்துக்கு முன்னாடி. நல்லா இருந்தப்ப. எப்பச் சொன்னாரு?"

நான் யோசிச்சேன். நெசமா உக்காந்து யோசிச்சேன். செருப்புப் போட்டுக்கிட்டுத் திரும்பிப் பாத்தது. சோத்துல கை நின்னது. சாப்பிட்டாளாமான்னு கேட்டது. அவ்வளவுதான் ஞாபகம் வருது. சொன்னாருன்னு ஒரு நாளும் ஞாபகம் வரலை.

"சொல்லலை"ன்னேன்.

"அப்பறம் கோவம் யாருக்கும்மா?"

ஒரு கிளாஸ் தண்ணி கேட்டேன். கொண்டாந்து குடுத்தா. பெத்த தாய்க்கு மகமேல கோவம் இருக்குமா, நீயே சொல்லு. என்ற அண்ணன் ஊட்டுப் பேச்சு அப்படி இருந்துச்சு, ஒரு விசேசத்துக்குப் போக முடியலை, யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியலை. அந்தச் சங்கடம் இருந்துச்சு, இல்லைங்கலை. அதைக் கோவம்னு சொல்ல முடியுமா?

சொல்லலாமோ என்னமோ.

ரெண்டு நாள் கழிச்சுக் காரு புடிச்சு வந்தா மைதிலி. இந்தத் தடவை நெலவுகிட்ட நிக்கலை, என்னையும் பாக்கலை. நேரா உள்ள போயிட்டா. அவரு 'போ'ன்னாரு. அதே 'போ'தான் கண்ணு, அதே சத்தம். அவ கட்டல்ல ஏறிப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "நான் எங்கயும் போகலைப்பா"ன்னா. அவரு அவ தலையை இழுத்து நெஞ்சுல வெச்சுக்கிட்டாரு. போ, போ, போன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

அவ அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னா. அங்க நல்ல பயிற்சி குடுக்கறாங்க, ஆபீஸ்லயும் ஊட்டுல இருந்து வேலை பாக்க ஒத்துக்கிட்டாங்கன்னா. எனக்கும் சந்தோசம்தான். அவரு துணிமணி எடுத்து வெச்சேன். என்னோடதும் ஒரு பையில எடுத்து வெச்சேன். காருகிட்ட ரெண்டு பையையும் கொண்டுபோயி வெச்சப்ப, மைதிலி அந்த ரெண்டாவது பையைப் பாத்தா.

"அப்பாவைக் கேட்டீங்களாம்மா?"

"அதுல என்னடி கேக்கறது?"

சொல்லி வாய் மூடலை, எனக்கே தூக்கிவாரிப் போட்டுருச்சு. அவ கார்க் கதவைத் தெறந்து புடிச்சுக்கிட்டு நின்னா.

முன் சீட்டுல உக்காந்திருந்தாரு. பக்கத்துல போனேன். கலியாணம் ஆன புதுசுல சேலை எடுக்கட்டுங்களான்னு கேட்டதுதான். அதுக்கப்பறம் அவருகிட்ட ஒண்ணு கேட்டுட்டு பதிலுக்கு நின்னதா எனக்கு ஞாபகமே இல்லை.

"நானும் கூட வரட்டுங்களா?"

பர்வீன் சொல்லிக் குடுத்த மாதிரி வாயை இறுக்கி மூடிக்கிட்டு நின்னேன். அவரு காரோட முன் கண்ணாடி வழியாத் தெருவைப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்தாரு. ஜெகதாம்பா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. வான்னு சொல்றாருன்னு நானே சொல்லிட்டு ஏறிரலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சு.

தலையை ஆட்டுனாரு. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. மெதுவா.

வேண்டாம்.

வார்த்தையில சொல்லியிருந்தா வேற ஏதாவது அர்த்தம் இருக்கும்னு நெனச்சுக்கலாம். அவருக்கு இப்பத் தலையாட்டறது மாறாதுன்னு பர்வீனே சோதிச்சுப் பாத்துச் சொல்லியிருக்குது. நான் பையை எடுத்துக்கிட்டேன். காரு போயிருச்சு.

இப்ப அஞ்சாறு வார்த்தை வந்துருச்சு அவருக்கு. தண்ணி, சோறு, வெளிய, இந்த மாதிரி. மைதிலின்னு முழுசா வராது, 'மை'ன்னு கூப்பிடறாரு. அவ எங்கிருந்தாலும் ஓடி வாறா. நான் வாரா வாரம் போறேன். மைதிலி சாப்பாடு போடறா, நல்லாப் பேசறா. என்னைக் கண்டா அவரும் மொகத்தைத் திருப்பறதில்லை. பக்கத்துல உக்காருவேன். கெளம்பறப்ப கேப்பேன், "நான் இங்கயே இருக்கட்டுங்களா?" கேட்டுட்டு நிப்பேன். இன்னைக்கும் கேட்டேன். தலையை அப்படித்தான் ஆட்டுனாரு.

ஒருவேளை ஊட்டைப் பூட்டிப் போட்டா யாரு பாத்துக்கறதுன்னு நெனைக்கறாரோ என்னமோ. பட்டறைச் சாமானெல்லாம் அங்கதானே இருக்குது. இல்லாட்டி மகளுக்கு ரெண்டு பேரு பாரம் எதுக்குன்னு இருக்கும். அவரு குணம் எனக்குத் தெரியும், யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டாரு. அப்படித்தான் இருக்கும். இல்லை?

நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே. சொல்லாதே, அதுவே நல்லது.

பல்லடம் வந்துருச்சு பாரு. பையெல்லாம் எடுத்துக்கிட்டயா? அந்தக் கொடை உன்னுதுதானே?

ஏன் வேண்டாங்கறீங்கன்னு ஒரு வார்த்தை அவரையே கேக்கலாம்தான். கேட்டா அதுக்குப் பதில் சொல்ற அளவுக்கு அவருகிட்ட வார்த்தை இல்லை கண்ணு. வார்த்தை இருந்த காலத்துல, நான் கேக்கலை.